தண்டலின் கண்ணும் துரையின் கேள்வியும்

ஓய்வுபெற்றோர் சங்கத்தின் மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டு வந்த செயலாளர், போகிற போக்கில் ஒரு சேதி சொன்னார். அவருடைய மகனுக்குக் கொழும்பில் ஒரு கம்பனியில் வேலை கிடைத்திருக்கிறதாம். சேர்ந்த அன்றே ஒரு தாளை நீட்டி, எந்த வைத்தியரிடமும் எந்த ஆஸ்பத்திரியிலும் இவனுடைய நோய் வருத்த விபரங்களைக் கம்பனி கேட்டுப் பெறலாம் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்களாம்.

“பெடியன் வாசிக்காமலே வைச்சிட்டான் ஐயா. வாசிச்சிருந்தாலும் வைச்சுத்தான் இருப்பான். வேலை வேணுமே,” என்றார்.

எனக்குக் கோபம் சுருக்கென்று வரும். என் மனைவி இருந்த காலத்தில் அதற்கு அவளிடம் கைகண்ட மருந்தொன்று இருந்தது. காது கேளாதவள் மாதிரி இருந்துவிடுவாள். இப்போது அந்த மருந்தும் இல்லை. ஆகவே எழுதுகிறேன்.

நான் மருந்து கலப்பவனாக வேலை பார்த்தவன். டிஸ்பென்சர் என்பது உத்தியோகப் பெயர். சனங்களுக்கு நான் மருந்துக்காரத் தம்பி. கொழும்பில் படித்த காலத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. அளக்கப் பழகினேன், போத்தல் கழுவப் பழகினேன், பெரியவர்கள் கதைக்கும்போது சுவரோடு சுவராக நிற்கப் பழகினேன். பிறகு புத்தளம் களப்பு என்னும் காயலின் மேற்குக் கரையில், கற்பிட்டிப் பக்கம், ஒரு வெள்ளைக்காரக் கம்பனியின் தென்னந்தோட்டத்துக்கு என்னை அனுப்பினார்கள். நான் சிலாபத்துப் பக்கத்தவன். கடல் எனக்குப் புதிதில்லை. ஆனால் ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் களப்புமாக, நடுவில் மணலும் தென்னையும் மட்டுமே இருந்த அந்த இடத்தில் இறங்கிய முதல் நாள், திரும்பிப் போகும் படகு எப்போது என்றுதான் கேட்டேன்.

தோட்டத்தில் ஒரு துரை, அவருக்குக் கீழே ஒரு கிளாக்கர், ஆட்களை மேய்க்க ஒரு கங்காணி. தேங்காய் உரிப்பவர்கள், கொப்பரா காயவைக்கும் பெண்கள், படகுக்காரர்கள் என்று உடப்புத் தமிழரும் கற்பிட்டி முஸ்லிம்களும் கண்டக்குழிக் கத்தோலிக்கரும் கலந்து இருந்தார்கள். எனக்கென்று ஓலைக் கூரை போட்ட மருந்து அறை. அதற்குள் ஒரு மேசை, ஒரு அலுமாரி, இரண்டு கதிரை.

எனக்கு முன்னிருந்த மருந்துக்காரரிடம் ஒரு வழக்கம் இருந்ததாகக் கங்காணி சொன்னார். காலையில் துரை தேநீர் குடிக்கும் நேரத்துக்குப் பங்களாவின் படியடியில் போய் நின்று, முதல்நாள் மருந்துக்கு வந்தவர்களின் பெயரையும் வருத்தத்தையும் ஒவ்வொன்றாக ஒப்புவிப்பாராம். யாருக்கு மூலம், யாருக்கு இருமல், எந்தப் பெண்ணுக்கு எத்தனை மாசம் என்று எல்லாம் அந்தத் தேநீரோடு இறங்கும். யாரை வைத்துக்கொள்வது, யாரை நிறுத்துவது என்பது கோப்பை காலியாகுமுன் முடிவாகிவிடும். “நீங்களும் அப்பிடித்தான் செய்யவேணும். துரைக்கு அது வெத்திலை மாதிரி, இல்லாட்டி ஓடாது,” என்றார் கங்காணி.

நான் அதைச் செய்ய வேண்டி வரவில்லை. நான் சேர்ந்த அதே மாதம்தான், வாரத்துக்கு ஒருமுறை புத்தளத்திலிருந்து தோட்டத்துக்கு வந்து பார்க்க டொக்டர் அருளப்புவை நியமித்திருந்தார்கள்.

டொக்டர் அருளப்பு உயரம் குறைந்த மனிதர். படகிலிருந்து இறங்கும்போது சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, காற்சட்டையை முழங்கால்வரை மடித்து, தண்ணீரில் நடந்து கரையேறுவார். வந்ததும் கை கழுவுவார். ஒவ்வொருவரையும் பார்க்கும் முன்னும் கழுவுவார், பார்த்த பின்னும் கழுவுவார். தண்ணீர் ஊற்றி ஊற்றி என் கைதான் நோகும். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் தணிந்துவிடும். அது தணியத் தணிய எனக்குப் பயம் கூடும்.

முதல் நாளே மருந்து அறையின் நடுவில் ஒரு பழைய சாரத்தைத் திரைபோலக் கயிற்றில் தொங்கவிடச் செய்தார். வருத்தக்காரர் உட்காரும் கதிரையை, முகம் சுவர்ப் பக்கமும் முதுகு வாசல் பக்கமுமாகத் திருப்பிப் போட்டார். ஆட்களைக் கூட்டிவந்த கங்காணி வழக்கப்படி உள்ளே வந்து நின்றார்.

“கங்காணி, உமக்கு என்ன வருத்தம்?” என்று கேட்டார் டொக்டர்.

“எனக்கு ஒண்டுமில்லையே ஐயா.”

“அப்ப வெளியில நில்லும்.”

பங்களாவுக்கு அனுப்பும் தாள் எப்படி இருக்க வேண்டும் என்றும் அன்றைக்கே சொல்லித்தந்தார். இவர் வேலைக்கு ஆகும், இவருக்கு இலேசான வேலை கொடுக்கவும், இவர் இத்தனை நாள் வேலைக்கு ஆகாது, இவ்வளவுதான். என்ன வருத்தம் என்று ஒரு சொல் இருக்காது. அதையும் எழுதி முடித்த உடனே அனுப்பமாட்டார். ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில், சிங்களவர் என்றால் சிங்களத்தில், வருத்தக்காரருக்கு முதலில் வாசித்துக் காட்டுவார். வாசித்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்து, “ஓமோ, இல்லையோ?” என்று கேட்பார். அவர்கள் தலையாட்டினால் போதாது. வாயால் ஓம் என்று வரவேண்டும். இல்லை என்றால் எது பிடிக்கவில்லை என்று கேட்டு, மாற்றக்கூடியதை மாற்றி எழுதுவார். கைநாட்டுப் போடுகிற சனங்கள் அதைக் கேட்டு முதலில் சிரித்தார்கள். தங்களிடம் யாரும் அப்படிக் கேட்டதே இல்லை என்று ஒரு கிழவி அழுததும் எனக்கு நினைவிருக்கிறது.

ஆனால் ஊர்வாயை மூட உலைமூடி ஏது? அந்தக் காலத்தில் மருந்துக்குப் போத்தலை அவரவர்தான் கொண்டுவர வேண்டும். கலவையை ஊற்றி, வேளைக்கு எவ்வளவு என்று காட்ட, விளிம்பு வெட்டிய கடதாசிப் பட்டி ஒன்றைப் போத்தலில் ஒட்டிக் கொடுப்பேன். இருமலுக்குக் கபில நிறம், வயிற்றோட்டத்துக்கு வெள்ளை, வாயுக்கு இளஞ்சிவப்பு. போத்தலோடு போகிறவர்களைக் கங்காணி வாசலில் நின்று பார்ப்பார். நிறத்தைப் பார்த்தே வருத்தம் சொல்வதில் தன்னை ஒரு அரை டொக்டர் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

கொப்பராக் கொட்டிலில் வேலை செய்த செபமாலை என்ற பெண்ணுக்கு வயிற்றில் வாயு. இளஞ்சிவப்பு மருந்து கொடுத்தேன். கங்காணியின் மைத்துனன் ஒருவனுக்கு முன்பு எங்கோ கூடாத வருத்தமொன்றுக்கு அதே நிறத்தில் மருந்து கொடுத்திருக்கிறார்கள். கங்காணிக்கு அது போதும். அடுத்த நாள் கொட்டிலில் செபமாலையைத் தண்ணீர்ப் பானையைத் தொடவிடவில்லை. அதற்கடுத்த நாள் கொட்டிலுக்குள்ளேயே விடவில்லை. அவள் என் வாசலில் வந்து நின்று, “தம்பி, நீங்க எனக்கு என்ன மருந்து தந்தனீங்கள்?” என்று கேட்டாள்.

டொக்டர் அவளை மறுபடி வேலைக்கு ஏற்றினார். பிறகு என்னைக் கூப்பிட்டு, மிகவும் தணிந்த குரலில், “எல்லா மருந்துக்கும் ஒரே நிறம் போடும்,” என்றார். சீனியை இரும்புச் சட்டியில் கருக்கித் தண்ணீரில் கரைத்தேன். அன்றிலிருந்து இருமலும் வாயுவும் காய்ச்சலும் ஒரே கபில நிறம். கலந்துபோகாமல் இருக்க என் கையால் போத்தலின் அடியில் இலக்கம் ஒட்டினேன். சனங்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. “ஒரே பானைக் கசாயத்தை எல்லாருக்கும் ஊத்துறார், சம்பளம் மட்டும் முழுசா வாங்குறார்,” என்று என் காதுபடவே சொன்னார்கள். கங்காணிக்குத்தான் பெரிய நட்டம். வாசலில் நின்று போத்தல்களைப் பார்த்துப் பார்த்து, கடைசியில் ஒருநாள், “இப்ப எல்லாருக்கும் ஒரே வருத்தமோ?” என்று என்னையே கேட்டார்.

இனி உதுமான் தண்டலின் கதைக்கு வருகிறேன்.

படகை நடத்துகிற தலைவனைத் தண்டல் என்போம். தோட்டத்துக் கொப்பராவை மூட்டை மூட்டையாகப் புத்தளத்துக்குக் கொண்டுபோன பெரிய பாய்ப்படகுக்கு உதுமான்தான் தண்டல். கற்பிட்டிக்காரர், நாற்பது வயதைக் கடந்தவர், அகன்ற தோள். களப்பில் ஆழம் குறைவு. மணல் திட்டு ஒரு பக்கம், மீனவர் நட்ட கம்புகளும் மீன்பட்டிகளும் ஒரு பக்கம், நடுவில் ஓடை மாதிரி வழி. தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசும் காலத்தில் வெயில் ஏறினால் காற்று முரண்டு பிடிக்கும் என்பதால், கிழக்கு வெளுக்குமுன்பே படகை எடுத்துவிட வேண்டும். மூட்டைகளோடு ஆஸ்பத்திரிக்குப் போகும் வருத்தக்காரரும், உறவு பார்க்கப் போகும் பெண்களும் பிள்ளைகளும் ஏறிக்கொள்வார்கள். உதுமான் சுக்கானைப் பிடித்தால் படுத்துத் தூங்கலாம் என்பார்கள்.

அவர் முழங்காலில் ஒரு காயத்துக்கு மருந்து கட்ட வந்தார். சாரத்தை உயர்த்தியபோது பார்த்தேன். இரண்டு காலிலும் முழங்காலுக்குக் கீழே பழைய காயமும் புதிய காயமுமாக இருந்தது. காலமெல்லாம் படகில் நடந்த மனிதருக்கு இப்படித் தடுக்குமா என்று நினைத்தேன். அன்று டொக்டர் வரும் நாள். காட்டினேன்.

டொக்டர் காலைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார். மருந்து அறைக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத சாமான் அறை ஒன்று உண்டு. “தண்டல், அதுக்குள்ள மூலையில ஒரு வெள்ளைக் கோப்பை இருக்கு. எடுத்துக்கொண்டு வாரும்,” என்றார். நான் அந்த அறைக்குள் நாளுக்குப் பலதரம் போய்வருபவன். புகுந்து கொஞ்ச நேரம் நின்றால் கண் பழகிவிடும், வெள்ளைக் கோப்பை பளிச்சென்று தெரியும். உதுமான் உள்ளே போனார். நெடுநேரம் நின்றார். பிறகு கையை முன்னே நீட்டித் துழாவும் சத்தம் கேட்டது. எதுவோ உருண்டு விழுந்தது. வெறுங்கையோடு வெளியே வந்தவர் டொக்டரைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்.

டொக்டர் அவரை வெளிச்சத்தில் இருத்தி இமையைத் திருப்பிப் பார்த்தார். வெண்விழி காய்ந்து, ஓரத்தில் நுரை ஒட்டினாற்போல ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது.

“என்ன சாப்பிடுறீர்?”

“கஞ்சி ஐயா. போன வருசம் வயித்தோட்டம் வந்திச்சு. பரிகாரியார் பத்தியம் வச்சாரு. மீன் ஏலா, முட்ட ஏலா, கீர ஏலா எண்டாரு.”

“வயித்தோட்டம் எப்ப நிண்டது?”

“அது அப்பவே நிண்டிட்டு.”

“பிறகேன் பத்தியம்?”

“பத்தியத்த வச்ச ஆள்தானே எடுக்கணும் ஐயா? அவரு எடுக்க முந்தி மௌத்தாயிட்டாரு.”

டொக்டர் என்னைப் பார்த்தார். நான் அலுமாரியைப் பார்த்தேன். சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கிற காரியமில்லை. மீன் கொட்டிக்கிடக்கும் கரையில், செத்துப்போன ஒரு நாட்டுவைத்தியப் பரிகாரிக்குக் கொடுத்த வாக்குக்காக ஒரு மனிதர் ஒரு வருடமாக வெறும் கஞ்சி குடித்துக் கண்ணை இழந்துகொண்டிருந்தார். மாலைக்கண். பகலில் பருந்தின் பார்வை, பொழுது சாய்ந்தால் ஒன்றும் தெரியாது.

“இது மாறும்,” என்றார் டொக்டர். “மீன் ஈரல் எண்ணெய் குடியும், மீன் தின்னும், முருங்கைக் கீரை தின்னும். மாறும். ஆனா மாறுமட்டும் இருட்டில படகைத் தொடக்கூடாது. உமக்கு என்ன வருத்தமெண்டு துரைக்கு நான் சொல்லமாட்டன். இருட்டில படகு எடுக்கக்கூடாதெண்டு சொல்லுவன். அதுக்கு உம்மட ஓம் எனக்குத் தேவையில்ல. படகில சனம் ஏறுது.”

எழுதினார், வாசித்துக் காட்டினார். சூரியன் உதித்த பிறகே படகு எடுக்கலாம் என்பது அதன் சாரம்.

உதுமான் கதிரையிலிருந்து எழுந்துவிட்டார். “வெயில் வர முந்திப் போகாதேண்டு எழுதினா, கண்ணெண்டு எழுதினதுதானே ஐயா? இந்தக் கரையில சின்னப்புள்ளக்கும் வெளங்கும். கால் ஒடஞ்ச தண்டல் ஈக்கலாம். கை ஒடஞ்ச தண்டலும் ஈக்கலாம். கண்ணில்லாத தண்டல் எண்டு எங்கயாச்சும் கேட்டீக்கிறீங்களா? இண்டக்கே துரை வேற ஆளப் போடுவாரு. வேல போனா தோட்டத்து வீடும் போகும். அதக்கூட உடுங்க. கண்ணு திரும்பி வந்தாலும், ஒருக்காக் குருடன் எண்டு பேரெடுத்தவன்ட படகுல ஆரு புள்ளயோட ஏறுவா?”

அவர் சொன்னது சரி. போத்தலின் நிறம் காட்டிக்கொடுத்ததைப் போலவே அந்தத் தாளும் காட்டிக்கொடுக்கும். டொக்டர் தாளைக் கிழித்தார். கை கழுவினார், வருத்தக்காரர் மாறாமலே. பிறகு இன்னொரு தாள் எழுதினார். இந்தப் பிறை முதல் அடுத்த பிறை வரை, பகலோ இரவோ, படகில் போகக்கூடாது. கரை வேலை செய்யலாம்.

“பகலயுமா? பகல்ல எனக்கு என்ன கொற?”

“பகலையும் சேர்த்தால்தான் ஏனெண்டு ஒருத்தருக்கும் விளங்காது. ஆனா உம்மட இடத்தில வேறொருத்தர் சுக்கான் பிடிப்பார். சம்பளமும் குறையும். அது உமக்கு வாற நட்டம். நீர்தான் சொல்லவேணும்.”

உதுமான் வெளியே போய்க் களப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். பாய் இறக்கிய அவருடைய படகு தண்ணீரில் ஆடிக்கொண்டு கிடந்தது. திரும்பி வந்து, “ஓம். அப்பிடியே எழுதுங்க,” என்றார்.

எண்ணெய்தான் அடுத்த சிக்கல். என் அலுமாரியில் மீன் எண்ணெய் இருந்தது. கருக்கிய சீனி நிறத்தை மறைக்கும், மணத்தை மறைக்குமா? ஒரு வேளை குடித்தவன் பக்கத்தில் வந்தாலே தெரியும். அதற்கு வழி உதுமானே சொன்னார். படகுப் பலகை உளுத்துப்போகாமல் இருக்கச் சுறா எண்ணெய் பூசுவது அந்தக் கரையின் வழக்கம். “என்ட ஒடம்பு எப்பயும் அந்த நாத்தம்தான் ஐயா. படகுக்குப் பூசுற ஆளு அதக் குடிச்சானா இல்லையா எண்டு ஆரு மோந்து பாப்பா?” டொக்டர் அன்று சிரித்தார். பழைய எண்ணெய் கூடாது, புதிய ஈரலில் காய்ச்சியதாக இருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

தாள் பங்களாவுக்குப் போனது. பின்னாலேயே டொக்டரைத் துரை கூப்பிட்டார். மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். துரை கெட்ட மனிதரில்லை. தோட்டத்தில் எந்த மரத்தில் எத்தனை குலை என்று தெரிந்துவைத்திருப்பவர், ஆட்களையும் அப்படியே தெரிந்துவைத்திருக்க விரும்பினார். அவ்வளவுதான்.

“உதுமானுக்கு என்ன?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“படகு வேலைக்கு ஒரு மாதம் ஆகாது.”

“அது தாளில் இருக்கிறது. நான் கேட்பது காரணம். மருந்துச் செலவு தோட்டத்தினுடையது. உமக்குச் சம்பளம் தருவதும் தோட்டம். அப்படியென்றால் வருத்தமும் தோட்டத்துக்குத் தெரிய வேண்டியதுதானே?”

“செலவுக் கணக்கை மாதாமாதம் தருகிறேன். வருத்தம் தோட்டம் வாங்கிய பொருள் இல்லை. அவர் ஓம் என்றால் சொல்கிறேன். கேட்டேன், இல்லை என்றார்.”

“கூலியாளிடம் நீர் அனுமதி கேட்டீரா?”

“கேட்டேன்.”

துரையின் கழுத்து சிவந்தது. டொக்டரின் குரல் எனக்குக்கூடக் கேட்காத அளவுக்குத் தணிந்திருந்தது. அந்த வருட முடிவோடு டொக்டர் வரத் தேவையில்லை என்று துரை அங்கேயே சொல்லிவிட்டார். சொன்னபடியே செய்தும்விட்டார். அடுத்து வந்த டொக்டர், ஆட்களின் பெயரையும் வருத்தத்தையும் அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுக்கிற மனிதர். நானும் அங்கே அதிக காலம் இருக்கவில்லை. அது வேறு கதை.

சில நாள் கழித்து என்னையும் பங்களாவுக்கு அழைத்தார்கள். கம்பனியின் பெரிய ஆஸ்பத்திரியில் ஓர் இடம் காலியாக இருப்பதாக, உதுமானின் வருத்தத்தை விசாரித்தபடியே துரை நயமாகச் சொன்னார். எனக்கு அப்போது கலியாணம் பேசியிருந்தார்கள், இந்த மணற்காட்டுக்குப் பெண்ணை அனுப்பப் பெண்வீட்டார் யோசித்துக்கொண்டிருந்தார்கள். ஆசை இல்லாமலில்லை. “நான் மருந்து கலக்கிறவன் துரை, வருத்தம் பார்க்கிறவர் டொக்டர்,” என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன்.

உதுமான் கரையில் பழைய படகொன்றைக் கவிழ்த்துப்போட்டு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். அவருக்குப் பதிலாகச் சுக்கான் பிடித்தவன் சவிரியான். கண்டக்குழிப் பையன், உதுமானின் படகில் முன்பக்கம் கம்பு பிடித்து நிற்பவன், அவரை நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிடுபவன். அவனுடைய வீட்டார் சுறாப் பிடிக்கிறவர்கள். படகுக்கு எண்ணெய் வேண்டும் என்று உதுமான் அவனிடம்தான் சொல்லியிருந்தார். ஒரு பின்னேரம் நான் காலாற நடந்து போனபோது சவிரியான் இரண்டு முட்டி கொண்டுவந்து வைத்தான். ஒன்றில் மூக்கைப் பொத்தவைக்கும் பழைய எண்ணெய். மற்றதில் பொன்னிறத்தில் தெளிந்த எண்ணெய், வாழையிலையால் வாய் கட்டியிருந்தது.

“படகுக்கு என்னத்துக்கு இவ்வளவு தெளிஞ்ச எண்ணெ?” என்று உதுமான் கேட்டார்.

“பலகைக்கு நல்லது நானா,” என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான்.

அந்த மாதம் உதுமானின் மனைவி பன் புல்லில் பாய் இழைத்து வீட்டை ஓட்டினாள். உதுமான் மீன் தின்றார், முருங்கைக் கீரை தின்றார், யாரும் பார்க்காதபோது அந்தத் தெளிந்த எண்ணெயைக் குடித்தார். செத்தவருடைய பத்தியத்தை முறிக்கிறோமே என்று மனம் உறுத்தியதில், பரிகாரியின் பேரில் பாத்திஹா ஓதினதாக எனக்கு இரகசியமாகச் சொன்னார்.

பிறை கண்ட அடுத்த வாரம் டொக்டர் வந்தார். சாமான் அறைக்குள் உதுமானை அனுப்பினார். போன வேகத்தில் கோப்பையோடு வெளியே வந்தார் உதுமான். இமையைத் திருப்பிப் பார்த்தோம், புள்ளி கரைந்திருந்தது. டொக்டர் தாள் எழுதி வாசிக்கத் தொடங்கினார்: எந்த வேலைக்கும், எந்த நேரத்திலும்… வாசித்து முடிக்குமுன்பே “ஓம், ஓம்” என்று உதுமான் சொல்லிவிட்டார்.

டொக்டர் அன்று தோட்டத்திலேயே தங்கி, அடுத்த நாள் விடியுமுன் உதுமானின் படகில் திரும்பினார். அவர் வேண்டுமென்றேதான் தங்கினார். மருந்துச் சாமான் வாங்க நானும் கூடப் போனேன். கொப்பரா மூட்டைகளின் மேல் பெண்கள் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்கள். உதுமான் பிஸ்மி சொல்லிச் சுக்கானைப் பிடித்தார்.

கரை விலகியதும் முன்பக்கத்திலிருந்து சவிரியானின் குரல் வந்தது. “நானா, வலக்கைப் பக்கம் கம்பு… இனி நேர… இடக்கைப் பக்கம் திட்டு, கொஞ்சம் ஒதுக்குங்கோ…” படகுக்காரர் வழக்கம் போலும் என்று நினைத்தேன். டொக்டர் என் தோளைத் தொட்டார். இருட்டில் அவர் முகம் தெரியவில்லை.

“சவிரியான்,” என்றார் உதுமான்.

“ஓம் நானா.”

“நிப்பாட்டு. எனக்கி வெளங்குது.”

பாய்மரம் முனகியது.

“கம்பும் வெளங்குது, கம்புல குந்தீக்கிற நீர்க்காகமும் வெளங்குது. நீ எப்பயீந்துடா இப்பிடிக் கூப்பிட்டு வாற? நான் பழக்கமாக்கும் எண்டு ஈந்தன்.”

“நோம்புக்கு முந்தியே நானா. நீங்க ஒருநாள் திட்டில ஏத்தப் பாத்தீங்களே, அண்டைக்கே எல்லாருக்கும் தெரியும்.”

“துரை ஒன்னட்டக் கேட்டாரா?”

“கேட்டார். தண்டல் வேலைய எனக்கே தாறன் எண்டும் சொன்னார். அது உங்கட கண்ணு நானா, நான் எப்பிடிச் சொல்லுற?”

உதுமான் சுக்கானை விடாமலே தோளால் முகத்தைத் துடைத்தார். நானும் டொக்டரும் சாரத்தைத் தொங்கவிட்டு, சீனியைக் கருக்கி, தாளைக் கிழித்து எழுதிக் காத்த இரகசியத்தை, அந்தப் படகே எங்களுக்கு முன்பிருந்தே காத்துக்கொண்டு வந்திருக்கிறது. நாங்கள் பயந்த ஊர்வாய் எங்களைவிடக் கெட்டியாக மூடியிருந்தது.

வெளிச்சம் வந்தபோது புத்தளத்துக் கரை தெரிந்தது. “ஐயா,” என்றார் உதுமான், “இப்ப துரைட்டச் செல்லுங்க. நான் ஓம் எண்டுறன்.”

“நல்ல கண்ணைப் பற்றி எந்தத் துரையும் கேக்கிறதில்ல தண்டல். வேணுமெண்டா நீரே சொல்லும்.”

அவர் சொன்னார். படகைக் கட்டியதும் கட்டாததுமாகத் தொடங்கினார். மூட்டை இறக்க வந்தவர்களிடம் சொன்னார். கொப்பரா வாங்கும் முதலாளியின் கணக்குப்பிள்ளையைப் பிடித்து நிறுத்திச் சொன்னார். துறையடித் தேநீர்க் கடையில் வாங்குப் பலகையில் ஏறி நிற்காத குறைதான். “எனக்கி மாலக்கண் ஈந்திச்சு, தெரியுமா? சுத்தமா ஒண்டும் வெளங்கல. இப்ப பாருங்க, இந்தா வாற படகுல எத்தின பேரு, நான் செல்லட்டா?” ஒரு மாதம் ஒருவர் காதிலும் விழாமல் வைத்திருந்ததை ஒரு காலைப்பொழுதில் ஊருக்கெல்லாம் பங்கு போட்டுவிட்டார். முகம் பெருநாள் முகமாக இருந்தது. டொக்டர் சப்பாத்தைக் கையில் பிடித்தபடி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். போக வேண்டிய நேரம் கடந்தும் போகவில்லை.

கடைக்காரர் நம்பவில்லை. தேநீரை ஆற்றிக்கொண்டே என் பக்கம் திரும்பி, “மருந்துக்காரத் தம்பி, நானா செல்றது உண்மையா? ஒங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டார்.

டொக்டர் என்னைப் பார்த்தார்.

“எனக்கு என்ன தெரியும்?” என்றேன். “நானும் இப்பதான் கேள்விப்படுறன்.”